பெட்டி கொடுத்தவர் திரும்பி வந்தாரா?

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையில் பத்து ஏழைக் குடும்பங்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். ஜெபம், கைதட்டல், போட்டோ, பிரியாணி. அதில் ஒன்றை வாங்கிய அக்கா வீட்டுக்குப் போன வாரம் போனேன். மெஷினைத் துணி போட்டு மூடி அதன்மேல் டிவியை வைத்திருக்கிறார். "நூலு அறுந்து அறுந்து போவுது. யாருட்ட கேக்கதுன்னு தெரியல மக்கா."

இத்தனைக்கும் எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். 1920-களில், இது திருவிதாங்கூராக இருந்த காலத்தில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் அனுப்பிய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். தேனீ, கோழி, கருப்பட்டி என்று கையில் காசு வரும் வேலைகளாகப் பார்த்துப் பிடித்தார். ஊக்கம் விசுவாசத்திலிருந்து வந்தது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தேனீ சாதி, மதம் கேட்டுக் கொட்டுவதில்லையே, தேன்பெட்டியும் எல்லா வீட்டுக்கும் போனது.

பெட்டி பெரிய விஷயமில்லை. நாலு பலகை, உள்ளே தேனடை கட்டுவதற்குக் கழற்றி மாட்டும் மரச்சட்டங்கள். அதற்கு முன் மரப்பொந்தில் புகை போட்டு, புழுவோடு சேர்த்து அடையைப் பிழிந்தார்கள், கூட்டம் அழிந்தது. சட்டம் வந்தபின் அதைச் சுழற்றித் தேனை மட்டும் எடுத்துவிட்டு அடையைத் திருப்பி வைக்கலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். எறும்பு ஏறாமல் காலுக்கு நீர்க்கிண்ணம், மழைமாதத்தில் சர்க்கரைப்பாகு, கூட்டம் பிரியும் முன் ராணியைப் பார்ப்பது. ரப்பர் துளிர்க்கும் நேரத்தில் பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். (ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலைக்காம்பில் ஊறுவது. வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.) இதையெல்லாம் ஒருநாள் விழாவில் சொல்லித் தர முடியாது. கூடவே இருந்து சொல்ல ஆள் இருந்தார்கள், தேனை வாங்க கூட்டுறவுச் சங்கம் வந்தது.

1991, 92-ல் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியக் கூட்டங்களில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. பெட்டிகள் காலி. ஆனால் தொழில் தெரிந்த கைகள் இருந்ததால், தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்து மறுபடி தொடங்க முடிந்தது.

நாங்கள் மெஷின் கொடுப்பதில், கூடவே இருந்து சொல்லித் தரும் இந்தப் பாதி இல்லை. போதாக்குறைக்கு, வாங்கியவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்கிறோம். எனக்கு அது கூசுகிறது. தர்மம் வலதுகைக்கும் இடதுகைக்கும் நடுவிலேயே முடியவேண்டியது என்று படித்தவர்கள்தானே நாம்?

கமிட்டியில் சொன்னேன்: இந்த வருஷம் நாலு மெஷின் போதும், மிச்சப் பணத்தில் ஒரு டெய்லரை வாரம் ஒருநாள் அனுப்புவோம், யூனிபார்ம் ஆர்டர் ஏதாவது பிடித்துக் கொடுப்போம். "நாலு மெஷினை வச்சு எப்படி விழா நடத்த?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வெட்கம்.

அக்கா மெஷினில் பாபின் கேஸ், அதாவது அடிநூல் உருளை உட்காரும் கூடு, தேய்ந்திருக்கிறது. சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் வாங்கிப் போகிறேன். தைக்கத் தெரிந்த யாராவது கூட வருகிறீர்களா?