போற்றுவதும் புளி போட்டுத் தேய்ப்பதும்

நவம்பர் 1 வந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. 1956இல் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள். இந்த முறை நாகர்கோவிலில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் தியாகிகளைப் போற்றினார், தமிழைப் போற்றினார், குளங்களையும் போற்றினார். அரங்கத்துக்குப் பின்னால் ஒரு குளம் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது.

போற்று என்றால் இன்று புகழ், அவ்வளவுதான். ‘திங்களைப் போற்றுதும்’ என்று இளங்கோவே பாடவில்லையா என்பீர்கள். பாடினார், அந்தப் பொருளும் பழையதுதான். ஆனால் கூடவே காத்தல் என்றொரு பொருளும் இருந்தது. ‘பொறையுடைமை போற்றி ஒழுகப்படும்’ என்ற குறள் பொறுமைக்கு வாழ்த்துப்பா பாடவா சொல்கிறது? கைநழுவாமல் காக்கச் சொல்கிறது. கலித்தொகையின் நெய்தல் பாட்டில் தோழி தலைவனிடம் இன்னும் கறாராகப் பேசுகிறாள்: ‘போற்றுதல் என்பது புணர்ந்தாரைப் பிரியாமை.’ நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு நடையைக் கட்டாதே என்றுதான் எனக்குக் கேட்கிறது.

பேணு என்ற சொல் எப்படியோ தப்பித்துக்கொண்டது. ‘தந்தை தாய்ப் பேண்’ என்பதைப் பெற்றோருக்குப் பொன்னாடை போர்த்து என்று எவரும் படிப்பதில்லை.

எங்கள் ஆச்சியிடம் ஒரு வெண்கல உருளி இருந்தது. பாயசத்துக்கு மட்டுமே பரணிலிருந்து இறங்கும். வெண்கலம் பார்க்கத்தான் முரடு. கல்தரையில் விழுந்தால் கீறல் விட்டுவிடும். அதனால் முதலில் சாக்கை விரிப்பாள், பிறகுதான் உருளி. “பைய வை மக்களே” என்பாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து, வெயிலில் கவிழ்த்து, ஈரம் போன பிறகே பரணுக்கு ஏற்றுவாள். அதைப் புகழ்ந்து அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இரவல் வாங்கிப்போகிறவர்கள்தான் ஆகா ஓகோ என்பார்கள்; விளிம்பில் கரியோடு திருப்பித் தருவார்கள்.

அந்த உருளி இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றித் தோவாளைப் பூக்களை மிதக்கவிட்டிருக்கிறோம். வருகிறவர்களிடம் அதன் வயதையும் எடையையும் சொல்லி நானும் மேடைப் பேச்சாளரைப் போலத்தான் பெருமைப்படுகிறேன். கூட்டம் முடிந்து வந்த இரவு தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே, அடியில், பச்சைப்பசேல் என்று களிம்பு.

புளி ஊறப் போட்டிருக்கிறேன். சாம்பலுக்குத்தான் எங்கே போவது என்று தெரியவில்லை; வீட்டில் எரிவாயு அடுப்பு.