இன்னும் எத்தனை தடவை?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அத்தை வீட்டுச் சமையலறையில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி ஒன்று தொங்கும். சென்ற ஆண்டு அதில் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஒவ்வொரு முறையும் ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வந்ததும் அந்த வட்டத்தின்மேல் ஒரு கோடு போட்டுவந்தார். முப்பதாவது கோட்டைப் போட்டுவிட்டு, "இன்னும் எத்தனை தடவை பாக்கி இருக்கு, தம்பி?" என்று அவர் கேட்டபோதுதான், நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து செய்திருந்த காரியம் எனக்கு உறைத்தது.

இருபது ஆண்டு இனிப்பு நீர் (நீரிழிவு நோய்) அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றிருந்தது. இனி வாரத்துக்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம், ஆயுள் முழுவதும் என்று மருத்துவர் எங்களிடம் ஆங்கிலத்தில் விளக்கியது, தமிழில் அத்தையிடம் போய்ச் சேரும்போது "கொஞ்ச நாளைக்குத்தான், தெம்பு வந்ததும் நிறுத்திடுவாங்க" என்று ஆகிவிட்டது. கையில் ஃபிஸ்டுலா (நீண்ட காலச் சுத்திகரிப்புக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) வைத்தபோதுகூட ஊசி குத்த வசதிக்காக என்றோம். அது பொய்யில்லை, அதனால்தான் அவ்வளவு எளிதாக வாயில் வந்தது.

சிட்னி ரோசன், ஆப்ரகாம் டெஸ்ஸர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1970இல் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வந்த தொலைபேசிச் செய்தியை மற்றவர் சொல்ல வேண்டும். நல்ல செய்தி கிடைத்தவர்கள் பெரும்பாலும் முழுதாகச் சொன்னார்கள்; கெட்ட செய்தி கிடைத்தவர்களில் பலர் அழைப்பு வந்ததை மட்டும் சொல்லிவிட்டு நழுவினார்கள். கேட்பவர் மனம் நோகுமே என்ற இரக்கம் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் விஷயத்தில், அத்தை அழும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை என்பதே பெரிய காரணம். அதற்கு நேர்மறைச் சிந்தனை என்று பெயர் சூட்டிக்கொண்டோம். (காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வரும் வாசகங்களும் இதற்கு நன்றாகவே உதவின.)

நம்பிக்கை மீது எனக்குக் கோபம் இல்லை. 1980இல் நீல் வைன்ஸ்டீன் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, நல்லவை தங்களுக்குச் சக மாணவர்களைவிட அதிகமாகவும் கெட்டவை குறைவாகவும் நேரும் என்றே பொதுவாக அவர்கள் எண்ணினார்கள். மனிதருக்கு அது ஊட்டாமலே ஊறுகிற ஒன்று. அத்தையிடமும் தாராளமாகவே இருந்தது. அந்த ஊற்றைக் கொண்டு தம் புது வாழ்க்கையை அவரே அமைத்துக்கொள்ள விடாமல், வராத ஒரு முடிவு நாளை நோக்கிக் கோடு போட வைத்தவர்கள் நாங்கள்.

அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நிறுத்த மாட்டாங்க அத்தை, இது இனிமே இப்படியேதான்" என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் பால் பொங்கியதும் எழுந்து போய் அணைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "எல்லாருக்கும் தெரியுமா?" என்றார். தலையாட்டினேன். அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. நோயைவிட, தம்மைச் சுற்றி எல்லாரும் ஒரே குரலில் பேசிவைத்திருந்ததே அவரை வதைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். "எப்பவும் இப்படித்தான்னா, வெள்ளிக்கிழமையில வேணாம். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்திலயாவது நின்னு கும்பிட்டு வரணும். மாத்தித் தருவாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். ஒரு மாதத்தில் இடம் கிடைத்தது. இப்போது செவ்வாய், வியாழன், சனி. நாள்காட்டியில் வட்டம் எதுவும் இல்லை.