இன்னும் கிடைக்காதவர்களும் சாட்சி சொல்லட்டும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு பைபிள் வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்போம். 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' கிடைத்தவர் முகத்தைப் பார்க்கணுமே! 88-ஆம் சங்கீதம் போட்ட அட்டை யார் கைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. அச்சடித்தாலும் யார் வாங்குவார்கள்? ஆனால் அதுவும் நம் பைபிளில்தான் இருக்கிறது. புலம்பலில் ஆரம்பித்து, ஆறுதலான முடிவு இல்லாமல் புலம்பலிலேயே முடிகிற சங்கீதம்.

பெங்களூரில் ஐ.டி. வேலையை நம்பி வீட்டுக் கடன் எடுத்த குடும்பங்கள் நம் சபைகளில் எத்தனை! வேலை போனவர் முதல் மாதம் ஜெபக்குறிப்பு கொடுப்பார். அப்புறம் கூட்டத்துக்கே வருவதில்லை. ஏனென்றால் கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்கிற சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பது எப்போதும் கிடைத்தவர்கள்தான். வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் கிடைத்தது, ஸ்தோத்திரம். கிடைக்காதவர் அங்கே உட்கார்ந்து என்ன செய்வார்?

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஒரு அக்கா வருவார். டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருப்பார். டீ வந்தால், "வேணாம் தம்பி, குடிச்சா கணக்குல கழிஞ்சிடும்" என்று சிரிப்பார். ஒருநாள் அவரே சொன்னார்: "கிட்னி கிடைக்கணும்னுதான் ஜெபிக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஊசி போடுற பொண்ணுக்கு டிசம்பர்ல கல்யாணம். அவளுக்கும் சேர்த்துதான் ஜெபிக்கிறேன்."

என்னைக் கேட்டால் இதுதான் சாட்சி. அப்போஸ்தலர் பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரி பாடியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது, கட்டுகள் கழன்றன என்றதும் 'அல்லேலூயா' சொல்லிவிடுகிறோம். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இடம். கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து சிறைக்காரன் பட்டயத்தை உருவித் தற்கொலை செய்துகொள்ளப் போகிறான். பவுல் சத்தமாகக் கூப்பிடுகிறார், நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று. அடிபட்ட முதுகோடு இருக்கிற மனுஷனுக்கு, தன்னைப் பூட்டி வைத்தவன் உயிர்மேல் அக்கறை! பிற்பாடு அதே ஊர் சபைக்கு, மறுபடியும் காவலில் இருந்துகொண்டு, கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதியவரும் இவர்தான். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதியிருந்தால் நான் மதித்திருக்க மாட்டேன்.

ஆபகூக் தீர்க்கதரிசியும் அப்படித்தான். அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆனாலும் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். அடுத்த வருஷம் மாடு வந்துவிடும் என்று அந்த இடத்தில் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா?

இப்படிப் பேசினால் விசுவாசக் குறைவு என்பார்கள். சொல்லட்டும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் வந்தது வினை.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாட்சி நேரத்தில் "இன்னும் பதில் வராதவங்க யாராவது பேசுறீங்களா?" என்றும் கேளுங்கள். பேசி முடித்ததும் உடனே வசனம் எடுத்துக் கொடுக்காதீர்கள். டீ கொடுங்கள். அக்காவுக்கு மட்டும் வேண்டாம்.