என் இலையில் இருந்த வஞ்சிரம்

ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துப் பந்தியில், பௌத்தக் குடும்பத்தைச் சேர்ந்த என் இலையில் வஞ்சிர மீன் இருந்ததை ஓர் அன்பர் பார்த்துவிட்டார். "பௌத்தர் இலையில் வஞ்சிரமா?" என்று அவர் உரக்கக் கேட்டதும் பந்தியே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். அப்படிச் சிரித்துவைத்ததுதான் மூன்று நாள்களாக என்னை உறுத்துகிறது.

புத்தர் மீனையும் இறைச்சியையும் விலக்கவில்லை. தமக்காகக் கொல்லப்பட்டதாகக் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றாலோ பிக்கு அதை ஏற்கக் கூடாது, மற்றபடி உண்ணலாம் என்பது 'ஜீவக சுத்தம்' என்னும் புத்தர் உரையின் செய்தி. பிக்குகள் வாழ்நாள் முழுவதும் புலால் தொடக் கூடாது என்று விதிக்கும்படி வற்புறுத்தியவர், புத்தரை எதிர்த்துச் சங்கத்தைப் பிளந்த தேவதத்தர். புத்தர் மறுத்துவிட்டார். என் இலையைச் சோதித்த அன்பர் தம்மையறியாமல் யாருடைய கட்சியில் சேர்ந்திருக்கிறார் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது அம்பேத்கர் தம்மைப் பின்பற்றியோரை ஏற்பித்த 22 உறுதிமொழிகளில் திருடமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், மது அருந்தமாட்டேன் என்பவை உண்டு. மீன் உண்ணமாட்டேன் என்பது இல்லை. நாங்கள் காக்க வேண்டியவற்றை விட்டுவிட்டு எங்கள் சட்டியைத் திறந்து பார்ப்பதில்தான் ஊருக்கு எத்தனை அக்கறை!

என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், மாலையானால் குடித்தவர். 1984இல் பௌத்த தீட்சை பெற்ற பிறகு அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. சம்பள நாளில் நண்பர்கள் கடை வாசலில் காத்திருப்பார்கள் என்று, மூன்று தெரு சுற்றி வீட்டுக்கு வருவார். வரும் வழியெல்லாம் "சுராமேரய மஜ்ஜ பமாதட்டானா வேரமணி" என்று, பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகளான சீலங்களில் மதுவை விலக்கும் ஐந்தாவதைப் பாலி மொழியில் முணுமுணுத்துக்கொண்டே வருவார். விலகியிருத்தல் என்னும் பொருளுள்ள அந்த 'வேரமணி'யை வீரமணி என்று யாரோ ஒரு மாமா என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த மனிதரை எந்தப் பந்தியிலும் யாரும், "ஐயா, ஐந்தாம் சீலத்தை எப்படிக் காக்கிறீர்கள்?" என்று கேட்டதில்லை. அவரிடமும் மீனைப் பற்றித்தான் கேட்டார்கள்.

முதல் சீலமே கொல்லாமைதானே, உண்பவன் இருப்பதால்தானே வலை வீசுகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சீனத்துப் பிக்குகள் இதனால்தான் புலாலை அறவே விலக்கினார்கள். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. மீன்காரம்மா எனக்காகத்தான் கொண்டுவருகிறார் என்ற உறுத்தல் சில காலைகளில் எனக்கும் வருவதுண்டு. ஆனால் அந்தக் கணக்கை நான் என் மனத்தோடு தீர்த்துக்கொள்வேன். வாய்க்கு வாய் பொய் பேசி வணிகம் செய்பவர் என் எச்சில் இலையின்மேல் நின்று தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவும் இடத்தில் அதே அன்பர், "சலுகைக்காக மாறியவர்கள்தானே" என்று தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. பௌத்தராகப் பதிந்துகொண்டவருக்குப் பட்டியல் சாதி உரிமை சட்டப்படி திரும்பியது 1990இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, இழப்பது எதுவென்று தெரிந்தே, என் அப்பா பதிந்துகொண்டார். அந்த ஆறு ஆண்டுகளில்தான் என் அக்கா கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. உண்மையில் கேள்வி மீனைப் பற்றியதாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

வரும் பௌர்ணமி அன்று நான் எட்டுச் சீலம் என்னும் ஒருநாள் நோன்பு எடுக்கிறேன். நண்பகலுக்குப் பிறகு உண்ணமாட்டேன், தரையில்தான் படுப்பேன். சோதிக்க விரும்புபவர் அன்று மாலை தாராளமாக வீட்டுக்கு வரலாம், அடுப்பு அணைந்திருக்கும். மறுநாள் வந்தால் மத்திக் குழம்பு இருக்கும். அவருக்கும் சேர்த்தே வைக்கிறேன்.