பெரிய பெயரை வெளியே இருத்தத் துணிந்தவர்கள்

இங்கிலாந்து உதைபந்தாட்ட அணியின் முன்னாள் பயிற்றுவிப்பாளர் சவுத்கேட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், எங்கள் ஊர்ப் பொடியன்கள் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். "அந்த மனுசன் ஒரு கிண்ணமாவது எடுத்தாரா?" அவர்களுடைய ஒரே கேள்வி இதுதான். எடுக்கவில்லை. 2021இல் வெம்ப்ளியில் இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றார். 2024இல் பேர்லினில் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்று, இரண்டாம் நாளே பதவியை விட்டுப் போனார். சரி. ஆனால் அதோடு அவருடைய கணக்கை மூடிவிடுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

இங்கிலாந்து ஆண்கள் அணி 1966க்குப் பிறகு அவர் வரும்வரை ஒரு பெரிய இறுதிப்போட்டியைக்கூடக் கண்டதில்லை. அவர் பொறுப்பெடுத்த அதே 2016இல்தான் ஐஸ்லாந்திடம் தோற்று வீட்டுக்கு வந்திருந்தது. அந்த அணியோடு அவர் உலகக் கிண்ண அரையிறுதிக்கு ஒரு தடவை, காலிறுதிக்கு ஒரு தடவை, ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டிக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை போனார். 2018இல் கொலம்பியாவை வென்றதுதான் உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து பெனால்டியில் வென்ற முதல் ஆட்டம். 1996இல் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டு நாடே திட்டிய மனிதர், அந்தப் பயத்தை அடுத்த தலைமுறையிடமிருந்து எடுத்துவிட்டார். எனக்கு இது பெரிய விடயம்.

கழகப் பயிற்றுவிப்பாளரையும் தேசிய அணிப் பயிற்றுவிப்பாளரையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதால்தான் இந்த விவாதங்கள் எல்லாம் பிழைத்துப் போகின்றன. கழகத்தில் வீரர்கள் ஒவ்வொரு நாளும் கையில் இருப்பார்கள். இடதுபக்கம் ஆள் இல்லையென்றால் காசைக் கொடுத்து வாங்கலாம். தேசிய அணிக்காரருக்கு அந்த இரண்டும் இல்லை. வருடத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும், அதற்குள் இருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும். அவர் கையில் உண்மையாக இருக்கும் அதிகாரம் தெரிவு மட்டும்தான். அதிலும் யாரை எடுப்பது என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரியும். யாரை விடுவது என்பதில்தான் அவருடைய தைரியம் தெரியும். திறமை குவிந்து கிடக்கும் நாடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பயிற்றுவிப்பாளர் எரிக்சனின் காலத்து இங்கிலாந்தை எங்கள் வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெக்கம், ஜெரார்ட், லம்பார்ட், ஸ்கோல்ஸ், ஓவன், ரூனி. 2001இல் மியூனிக்கில் போய் ஜெர்மனிக்கு 5-1 அடித்த அணி. ஆனால் 2002, 2004, 2006 மூன்று தடவையும் காலிறுதியோடு சரி. 2004இல் ஜெரார்ட், லம்பார்ட், ஸ்கோல்ஸ் மூவரும் நடுவில் ஆடுகிறவர்கள். மூவரும் பெரிய பெயர்கள். யாரையும் வெளியே இருத்த முடியவில்லை. அதனால் ஸ்கோல்ஸை இடதுபக்கம் தள்ளினார்கள். அந்தத் தலைமுறையில் பந்தை மிக நன்றாகக் கடத்தத் தெரிந்த மனிதன் கோட்டோரத்தில் நின்றான். அந்தத் தொடர் முடிந்த கையோடு 29 வயதில் சர்வதேச ஆட்டத்தையே விட்டுவிட்டான். 2006இல் போர்த்துக்கலுக்கு எதிரான பெனால்டிகளை நினைத்துப் பாருங்கள். லம்பார்ட் தவறவிட்டார், ஜெரார்ட் தவறவிட்டார், கரகர் தவறவிட்டார். கோல் போட்ட ஒரே ஆள் ஹார்கிரீவ்ஸ், தொடருக்கு முன் பலர் ஏன் இவனை எடுத்தார்கள் என்று கேட்ட ஆள். பெர்டினண்ட், ஜெரார்ட், லம்பார்ட் மூவரும் பல வருடம் கழித்து ஒன்றாகத் தொலைக்காட்சியில் இருந்து, கழகப் பகை தேசிய முகாமுக்குள்ளும் வந்தது என்று வெளிப்படையாகப் பேசினார்கள். எரிக்சன் 2024 ஆகஸ்ட்டில் காலமானார். வீரர்கள் எல்லாரும் அவரை நேசித்தார்கள், நல்ல மனிதர் என்றார்கள். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நல்ல மனசுதான் அந்த அணிக்குப் பாரமாகப் போனது.

இதை நான் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு தெரிவுப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். மத்தியான வெயில் தணியத் தொடங்கும் நேரம். கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு கழகத்து ஆட்களும் தனித்தனிக் கூட்டமாக நிற்கிறார்கள். உள்ளே ஒரு பொடியன் இடது பின்களத்தில் ஆடுகிறான். ஒல்லி உடம்பு, சப்பாத்தின் முன்பக்கம் பிளந்து கறுப்பு டேப் சுற்றியிருந்தான். அவனைத் தாண்டி ஒருவன்கூடப் போகவில்லை. பந்தை எடுத்தால் அவசரப்படாமல் தலையைத் தூக்கிப் பார்த்துத்தான் கொடுத்தான். பிறகு பெயர்ப்பட்டியல் வந்தது. முன்களத்துக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள், இவனுடைய பெயர் இல்லை. பொறுப்பாக நின்ற சேரிடம் போய்க் கேட்டேன்.

"சேர், அந்த இடதுபக்கப் பொடியன் எங்க? நல்லா ஆடினானே."

"ஆடினான்தான் மனே. அவன்ட கழகத்தில இருந்து ஏற்கெனவே ரெண்டு பேர் வந்திட்டாங்க. மற்றக் கழகக்காரர் சும்மா இருப்பாங்களா?"

அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் மனசு கேட்கவில்லை என்று விளங்கியது. பிறகு அந்த அணி ஆடிய முதல் ஆட்டத்தில், முன்களத்துக்கு எடுத்த ஒருவனை இடது பின்களத்தில் விட்டார்கள். முன்னால் ஓடினான், திரும்பி வரவேயில்லை. வாங்கிய கோல்கள் எல்லாம் அந்தப் பக்கத்தால்தான். தனித்தனியாகப் பார்த்தால் எதிரணியைவிட நாங்கள் கெட்டிக்காரர். அந்தப் பொடியன் இப்போது பந்தைத் தொடுவதில்லை, வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

இனி ஸ்பெயினின் பயிற்றுவிப்பாளர் அரகோனெஸ் கதைக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத வைத்ததே அவர்தான்.

2008க்கு முன் ஸ்பெயின் என்றால் காலிறுதி. அவர்கள் வென்ற ஒரே பெரிய கிண்ணம் 1964இல். திறமைக்கு ஒருநாளும் குறைவிருக்கவில்லை. 2006 செப்டெம்பரில் பெல்பாஸ்டில் வட அயர்லாந்திடம் 3-2 என்று தோற்றார்கள். அதன் பிறகு லூயிஸ் அரகோனெஸ் ராவுலை எடுக்கவேயில்லை. ராவுல் என்றால் சும்மா ஆள் இல்லை. அணித்தலைவர், ரியல் மட்ரிட்டின் உயிர், 102 ஆட்டங்களில் 44 கோல், அந்த நேரத்தில் ஸ்பெயினுக்காக அதிக கோல் போட்டவர். பத்திரிகைகள் கிழவனைக் கிழித்தன. ரசிகர்கள் ராவுலின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அரகோனெஸ் அசையவில்லை. உயரம் குறைந்த, ஓட்டத்தில் பெரிய வேகம் இல்லாத, பந்தைத் தாங்களே வைத்திருக்கத் தெரிந்த சாவி, இனியெஸ்டா, சில்வா, பப்ரெகாஸ் ஆகியோரைச் சுற்றி அணியைக் கட்டினார். பின்னால் காவலுக்கு சென்னாவை விட்டார்.

2008 ஜூன் 22இல் வியன்னாவில் இத்தாலியோடு ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதி. ஸ்பெயின்காரருக்கு அந்தத் திகதியே பயம். 1986இல் பெல்ஜியத்திடம், 1996இல் இங்கிலாந்திடம், 2002இல் தென் கொரியாவிடம் என்று மூன்று காலிறுதிகளில் பெனால்டியில் தோற்றதும் அதே ஜூன் 22தான். மறுபடியும் ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கசியாஸ் இரண்டைத் தடுத்தார், பப்ரெகாஸ் கடைசியை அடித்தார். அங்கே உடைந்தது அந்தச் சாபம். இறுதியில் டொரெஸ் ஒரு கோல், ஜெர்மனி காலி.

கிண்ணத்தோடு அரகோனெஸ் போய்விட்டார். 2010 உலகக் கிண்ணமும் 2012 ஐரோப்பியக் கிண்ணமும் அடுத்து வந்த டெல் பொஸ்கேயின் பெயரில் இருக்கின்றன. டெல் பொஸ்கேயையும் குறைத்துச் சொல்ல முடியாது. 2010இல் முதல் ஆட்டத்திலேயே சுவிற்சர்லாந்திடம் தோற்றும் அந்த ஆட்டமுறையைக் கைவிடாத மனிதர் அவர். ஆனால் அவர் உள்ளே வரும்போது கடினமான முடிவை வேறொருவர் எடுத்து, திட்டையும் வாங்கி முடித்திருந்தார். ஒரு பயிற்றுவிப்பாளர் விட்டுப்போனது என்ன என்று பார்க்க வேண்டுமென்றால், அடுத்து வந்தவரின் முதல் இரண்டு வருடத்தைப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

பெல்ஜியத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஹசார்ட், டி புருய்ன, கூர்ட்வா, லுகாகு, கொம்பனி. 2018 உலகக் கிண்ணத்தில் பிரேஸிலையே காலிறுதியில் வீட்டுக்கு அனுப்பி மூன்றாம் இடம் எடுத்தார்கள். உலகத் தரவரிசையில் வருடக்கணக்கில் முதலாம் இடம். பயிற்றுவிப்பாளர் மார்டினெஸ் அந்த வீரர்களை அவ்வளவு நம்பினார். அந்த நம்பிக்கை நாளடைவில் நன்றிக்கடனாக மாறிப்போனது. 2022இல் கட்டாருக்குப் போனபோது பின்களத்தில் வெர்டொங்கனுக்கு 35 வயது, அல்டர்வைரெல்டுக்கு 33. ஹசார்ட் தன் கழகத்தில் ஆட இடமில்லாமல் இருந்தவர். தொடருக்கு நடுவிலேயே எங்களுக்கு வயதாகிவிட்டது என்று டி புருய்னவின் பேட்டி ஒன்று வெளிவந்தது. மொரோக்கோவிடம் 2-0 என்று தோல்வி. குரோஷியாவோடு கோல் இல்லாத சமநிலை. லுகாகு கிடைத்த வாய்ப்புகளை எல்லாம் விட்டுவிட்டு, பதிலாட்கள் இருக்கும் கூண்டின் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தான். அந்தக் காட்சியைப் பார்க்கையில் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. மார்டினெஸ் அன்றைக்கே விலகினார். அவருக்குப் பின் வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஆர்ஜென்டீனாக்காரர் எங்கள் பக்கத்தில் அதிகம் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெஸ்ஸி 2014, 2015, 2016 மூன்று வருடமும் இறுதிப்போட்டியில் தோற்றார். அது மெஸ்ஸியின் குறையா? 2014க்கும் 2018க்கும் இடையில் சபெயா, மார்டினோ, பவுசா, சம்பவோலி என்று நான்கு பயிற்றுவிப்பாளர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு அணி. பிறகு ஸ்கலோனி வந்தார். பெரிய அணி எதையும் பயிற்றுவித்திராத மனிதர், தற்காலிகமாகத்தான் போட்டார்கள். மரடோனாவே வெளிப்படையாகத் திட்டினார். 2019 கோப்பா அமெரிக்கா (தென் அமெரிக்கக் கிண்ணம்) அரையிறுதியில் பிரேஸிலிடம் தோற்றபோதும் சம்மேளனம் அவரைத் துரத்தவில்லை. 2021இல் மரக்கானாவில் கோப்பா, 2022இல் உலகக் கிண்ணம். கட்டாரில் சவூதியிடம் முதல் ஆட்டம் தோற்றதும் அவர் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? லவுட்டாரோவை இருத்திவிட்டு ஜூலியன் அல்வாரெஸை விட்டார். மாக் அலிஸ்டரையும் என்சோ பெர்னாண்டஸையும் உள்ளே கொண்டுவந்தார். தொடருக்கு நடுவில் அப்படி வெட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

உலகக் கிண்ணம் எடுக்காமலே பெரிய ஆட்களானவர்களும் உண்டு. 1982இல் டெலே சந்தானாவின் பிரேஸில் இத்தாலியிடம் 3-2 என்று தோற்றது, சமநிலை எடுத்திருந்தாலே போதும். 1994இல் கிண்ணத்தோடு வந்த அணியைவிட இந்த அணியைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். இறுதிப்போட்டியில் தோற்ற மிகெல்ஸின் 1974 நெதர்லாந்து பற்றிச் சொல்லவே தேவையில்லை.

சவுத்கேட்டுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அவரை முழுக்க நியாயப்படுத்தவும் நான் வரவில்லை. வெம்ப்ளியில் இரண்டாம் நிமிடத்திலேயே ஷோ கோல் போட்ட பிறகு அணி பின்வாங்கிக்கொண்டே போனது. பெனால்டிக்காக ரஷ்போர்டையும் சஞ்சோவையும் கடைசி நிமிடத்தில் உள்ளே விட்டார், இருவரும் தவறவிட்டார்கள். ஐந்தாவதை 19 வயது சாக்காவிடம் கொடுத்தார். பிறகு அந்த மூன்று கறுப்பினப் பிள்ளைகள் மீது நிறவெறி பாய்ந்தபோது, யார் அடிப்பது என்று தீர்மானித்தது நான்தான் என்று முன்னால் வந்து நின்றார், அதை மதிக்கிறேன். 2024இலோ அவருக்கும் எரிக்சனின் நோய் வந்துவிட்டது. ரஷ்போர்டையும் கிரீலிஷையும் வீட்டில் விட்டவரால் அணித்தலைவர் கேனை விட முடியவில்லை. பெல்லிங்ஹாம், போடன், கேன் மூவரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். இடது பின்களத்தில் வலதுகால்காரர் டிரிப்பியர். இறுதிப்போட்டியில் 70ஆம் நிமிடத்தில் உள்ளே வந்த பால்மர் மூன்றே நிமிடத்தில் கோல் போட்டான். அவனை ஏன் அவ்வளவு நேரம் வெளியே வைத்தீர்கள் என்று சவுத்கேட்டைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனாலும் அவர் கொடுத்துவிட்டுப் போனது வெறுங்கையை அல்ல. அவருக்குப் பின் வந்த துச்செல் அந்த அணியோடு 2026 உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்கள் எட்டையும் வென்றார், ஒரு கோல்கூட வாங்கவில்லை. 2025 அக்டோபரில் பெல்லிங்ஹாமையே விட்டுவிட்டு அணியை அறிவித்தார். அங்கே யாரும் முகாமை விட்டு ஓடவில்லை, கழகச் சண்டை பிடிக்கவில்லை. அந்த நிலத்தைப் பண்படுத்தியது சவுத்கேட்.

எங்கள் நாட்டுக் கதை வேறு. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு, 2023 ஜனவரியில் பீஃபாவின் தடை வாங்கி ஆகஸ்ட் வரை வெளியே இருந்தது. பொடியன்கள் செய்த பிழை அதில் ஒன்றுமில்லை. மேலே இருந்தவர்களின் கதிரைச் சண்டை. மட்டக்களப்பில் அருட்தந்தை வெபரின் பெயரில் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கிய இயேசு சபைத் துறவி. அவருடைய அணிகள் என்னென்ன கிண்ணம் எடுத்தன என்று இப்போது கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவரிடம் பழகினோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கல்முனையிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மட்டக்களப்பிலும் கழகம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தெரிவுக்கு யார் பொறுப்பாக வந்தாலும் பெயர்ப்பட்டியலை அவரே எழுதட்டும். கழகத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கை விடுங்கள். உங்கள் கழகத்தில் ஒருவர்கூட எடுபடாவிட்டாலும் மைதானத்துக்கு வாருங்கள். இரண்டு வருடம் அவரை அவர் பாட்டில் விடுங்கள். அதன் பிறகு தோல்விக்குக் கணக்குக் கேட்போம், நானும் உங்களோடு வந்து கேட்கிறேன்.