குளிர்ந்த மலையில் வெயில் மயக்கம்

"ஊட்டியில் ஏது வெயில்?" என்று சமவெளி உறவினர்கள் கேலி செய்யும்போது நானும் பல ஆண்டுகள் சேர்ந்து சிரித்திருக்கிறேன். 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1951 முதலான பதிவுகளில் அதுவே உச்சம் என்றார்கள். அதே வாரத்தில், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் சித்தி தலைசுற்றிச் செடிகளுக்கிடையே உட்கார்ந்துவிட்டார். பித்தம் என்றார் மேஸ்திரி. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் என்றார் இன்னொருவர். வெயில் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

மலைப்பகுதியில் 30 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை பற்றி வானிலைத் துறை யோசிக்கவே தொடங்கும். ஆனால் அந்த அளவு நிழலில் வைத்த வெப்பமானியுடையது. நேர்வெயிலில் சரிவேறி, கொழுந்து மூட்டையைச் சுமந்து, செடி கிழிக்காதிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருக்கும் உடலின் சூட்டை அது சொல்லாது. உழைப்பே உடலுக்குள் சூட்டை உண்டாக்குகிறது. பிளாஸ்டிக்கோ வியர்வையை ஆவியாக விடுவதில்லை. முகத்தில் அடிக்கும் குளிர்காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் போயிற்று என்பதும் தெரிவதில்லை.

கடும் வெயிலில் உழைப்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். சித்தியிடம் இதைச் சொன்னபோது, "குடித்துவிட்டு எங்கே போவது?" என்று கேட்டார். பறிக்கும் இடத்துக்கருகில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தாகத்தோடு இருக்கிறார்கள். ஆகவே தண்ணீர்க் கேனை மட்டும் கொண்டுவந்து வைப்பது பாதி வேலைதான்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு குடை, கம்பளி, மழைக்கோட்டு பற்றிப் பேசியது. மழையையும் குளிரையும் நினைத்த அந்தப் பிரிவுக்கு வெயில் நினைவில்லை. அன்றைய மலைக்கு அது பொருந்தியிருக்கலாம். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லதுதான், ஆனால் உயிர் போன பிறகு வரும் பணம் அது.

மேஸ்திரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை. புதிதாக வந்தவருக்கும் நீண்ட விடுப்பு முடிந்து வந்தவருக்கும் முதல் நாளே முழு வேலை தரக்கூடாது. உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். ஒருவருக்குப் பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அதைப் பித்தம் என்று ஒதுக்கி ஓரமாக உட்கார வைக்கக் கூடாது. 108க்குச் சொல்லிவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டி வரும்வரை, நிழலில் கிடத்தி உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.