ரேஷன் அரிசியில் இருப்பது பிளாஸ்டிக் அல்ல

ரேஷன் அரிசியைத் தண்ணீரில் போட்டதும் சில மணிகள் மிதக்கின்றன, அது பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. தவறு. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் இயந்திரத்தில் பிழிந்து எடுக்கிறார்கள். 100 கிலோ சாதாரண அரிசிக்கு இந்த மணிகளை 1 கிலோ கலப்பார்கள். மாவிலிருந்து செய்ததால் உள்ளே காற்று தங்கும், அதனால் சில மணிகள் மிதக்கும். சந்தேகமா? அந்த மணியைத் தனியே வேகவைத்து விரலால் நசுக்குங்கள். சோறாகக் குழையும். பிளாஸ்டிக் குழையாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா முறத்தில் அரிசியைப் பரப்பி, கொஞ்சம் மங்கலாகத் தெரியும் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசலில் எறிந்துகொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. அவர் எறிந்ததுதான் அந்த அரிசியின் சத்தே!

அந்தச் சத்து ஏன் அவ்வளவு முக்கியம்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வகுப்பில் கவனம் நிற்காத பிள்ளை, மதியத்துக்குமேல் களை வெட்ட முடியாமல் கூலியை இழக்கும் தாய், எடை குறைந்து பிறக்கும் குழந்தை என்று அதன் விலையைக் குடும்பமே கொடுக்கிறது.

சரி, அரிசி மட்டும் போதுமா? போதாது. முருங்கைக்கீரையும், கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.